ஓட்டோ அனலைசரோடு சில வருடங்கள்: வன்னி ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து

எங்கள் ஆய்வுகூடத்துக்கு, இரத்தத்தில் உள்ள சீனி, உப்பு, கொழுப்பு போன்றவற்றைத் தானாகவே அளக்கும் ஓட்டோ அனலைசர் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதை ஒட்டியே எப்.பி.சி. (இரத்த அணுக்களின் எண்ணிக்கை) பார்க்கும் புது மெசினும், அப்புறம் பார்கோட் ஸ்ரிக்கரும் கொம்பியூட்டர் இணைப்பும் வந்தன. நான் அரச ஊழியன், அதனால் ஆஸ்பத்திரியின் பெயரும் கம்பனியின் பெயரும் இங்கே வராது. இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு அரச ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெசின் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் மற்ற எம்.எல்.ரி.மாருக்காகத்தான், அதாவது ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்களுக்காகத்தான், முக்கியமாக எழுதுகிறேன். வெளியே வாங்கில் இருந்துகொண்டு உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று யோசிப்பவர்களும் வாசிக்கலாம்.

முதலில் வேகம். மணிக்கு 400 பரிசோதனை என்று விளம்பரத்தாளில் போட்டிருந்தார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோடியம், பொற்றாசியம் பார்க்கும் பகுதியின் கணக்கையும் அதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். மெசின் வாங்கப் போகிறவர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதை விடுங்கள், சிவப்பு மூடி ரியூப்பில் எடுத்த இரத்தம் உறைய அரை மணித்தியாலம் வேண்டும். சென்ரிபியூஜில் சுற்ற 10 நிமிடம். மேலே பிரியும் தெளிந்த திரவம்தான் சீரம்; மெசினுக்குள் போன அதன் முடிவு வர இன்னும் 10 நிமிடமளவில். என்ன விலை கொடுத்து என்ன மெசின் வாங்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

வந்த புதிதில் எங்களுக்கு ஏமாற்றம்தான். மெசின் பறந்தது, றிப்போட் மட்டும் பழைய நேரத்துக்கே வாட்டுக்குப் போனது. காரணம் தேடி ரியூப்களின் பின்னால் போனோம். வாட்டில் காலை 6 மணிக்குக் குத்திய இரத்தம் ட்ரேயில் அப்படியே இருக்கும். கடைசிக் கட்டில் வரை எடுத்து முடித்து, பி.எச்.ரி. என்ற கட்டில் சீட்டு எழுதி, சிற்றூழியர் வேறு வேலை முடித்து வந்து, எல்லா வாட்டு ட்ரேயும் ஒன்பது, ஒன்பதரைக்கு ஒரே நேரத்தில் எங்கள் வாசலில் இறங்கும். கிராமத்து ஆஸ்பத்திரிகளின் சாம்பிள் பெட்டியோ பதினொரு மணிக்கு. அதுவரை மெசின் சும்மா நிற்கும், பிறகு மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும். கையால் செய்த காலத்தில் எங்கள் மெதுவான வேகத்துக்குள் இந்தத் தாமதம் ஒளிந்திருந்தது. மெசின் வந்ததும் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆகவே திருத்தம் மெசினுக்கு வெளியேதான் நடந்தது. ட்ரே நிறையும்வரை காத்திராமல் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொண்டுவாருங்கள் என்று வாட்டுக்குப் போய்க் கேட்டோம். ஒரு வாட் உடனே ஒத்துக்கொண்டது. மற்றது “எங்களிட்ட ஆள் இல்லை” என்றது. உண்மைதான், ஆள் இல்லை. கிளினிக் நாளில் ஒரு பிள்ளையை ரியூப் எடுத்துவர மட்டும் நிறுத்தியதில் வந்த பலன், அந்த 400 என்ற எண் தந்ததைவிடப் பெரிது.

சிறுநீரக கிளினிக் நாளைப் பார்த்தால் இது விளங்கும். நெடுங்கேணிப் பக்கமிருந்தும் துணுக்காய்ப் பக்கமிருந்தும் முதல் பஸ்ஸில் வருவார்கள். வயலில் நின்றே வாழ்க்கை போனவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள். முன்பெல்லாம் இன்றைக்கு இரத்தம், அடுத்த கிழமை றிப்போட், அதற்குப் பிறகுதான் டொக்டர். இரண்டு நாள் கூலி போகும், இரண்டு தரம் பஸ் காசு. இப்போது கிளினிக் கிரியற்றினினை, அதாவது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் பரிசோதனையை, வரிசையின் முன்னுக்குப் போட்டுவிடுகிறோம், கொழுப்புப் பரிசோதனை பின்னேரம் ஓடினால் போதும். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே டொக்டரைக் கண்டுவிட்டுப் போகிறார்கள். போன மாதம் ஒரு ஐயா யன்னலில் வந்து, “தம்பி, இப்பதானே குடுத்தனான், அதுக்குள்ள வந்திட்டுதோ? ஒழுங்காப் பாத்தனியளோ?” என்று கேட்டார். வேகத்தைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள்!

பார்கோடுக்கு வருகிறேன். இதில் எனக்குக் குறை சொல்ல மனமில்லை. ஒரே வாட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது எங்கள் ஊரில் அதிசயமில்லை. முன்பு மெசின் காட்டும் எண்ணைக் கொப்பியில் எழுதி, கொப்பியிலிருந்து றிப்போட் தாளில் எழுதுவோம். எழுதும் இடமெல்லாம் பிழைக்கும் இடம்தான். இப்போது ரியூப்பைப் படித்து, என்ன பரிசோதனை என்று கொம்பியூட்டரிடம் மெசினே கேட்டுக்கொள்கிறது, முடிவும் நேராகப் போய் உட்காருகிறது. ஒரே கரைச்சல், ஸ்ரிக்கரைச் சரித்து ஒட்டினாலோ சுருங்கினாலோ வாசிக்காது. ரியூப்பின் நீளவாக்கில் நேராக ஒட்ட வேண்டும், இரத்தத்தின் மட்டம் தெரிய ஒரு பக்கம் இடைவெளி விட வேண்டும். புது ஆள் வாட்டுக்கு வரும்போதெல்லாம் இதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

மாரி தொடங்கினால் டெங்கு. கார்த்திகையிலிருந்து தை வரை எப்.பி.சி. மெசினுக்கு ஓய்வே கிடையாது, வருகிற எல்லா ரியூப்பிலும் ‘அவசரம்’ என்று எழுதியிருக்கும். பிளேற்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள், குறைவு என்று மெசின் சொன்னதும் வாட் பதறும். ஆனால் சிலரின் இரத்தத்தில், ஊதா மூடி ரியூப்பில் இரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் ஈ.டி.ரி.ஏ. மருந்தாலேயே பிளேற்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெசின் கட்டியை எண்ணாது, எண்ணிக்கை பொய்யாக இறங்கும். கண்ணாடித் தட்டில் இழுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். அப்படியானவர்களுக்கு நீல மூடி சிற்றேற் ரியூப்பில் திரும்ப எடுத்து, அதில் உள்ள திரவத்துக்காக 1.1ஆல் பெருக்கிக் கொடுக்கிறோம். சாதாரண முடிவுகளைக் கொம்பியூட்டர் தானாகவே விடட்டும் என்று விதி போட்டதே, இப்படிப்பட்ட தட்டுகளுக்கு நேரம் கிடைக்கத்தான். ஆட்டோமேஷன் வந்தால் ஆள் குறைக்கலாம் என்று நினைக்கும் நிர்வாகிகள் ஒரு மார்கழி இரவு எங்களோடு நிற்க வேண்டும்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம்: தண்ணீர். வன்னிக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அனலைசருக்கோ அயன் நீக்கிய தண்ணீர் வேண்டும், ஒவ்வொரு கழுவலுக்கும். அதற்காக வடிகட்டும் தொகுதி ஒன்று கூடவே வந்தது. ஒரு காலத்தில் கல்சியத்தின் கொன்ட்ரோல் (மெசினைச் சோதிக்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த மாதிரி) மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. கொன்ட்ரோல் முடிவுகளை நாள்தோறும் குறிக்கும் லீவி-ஜெனிங்ஸ் வரைபில் புள்ளிகள் படியேறுவதுபோல் போயின. குளுக்கோஸ், யூரியா எல்லாம் சரி. றியேஜன்ட் (பரிசோதனைக்கான இரசாயனம்) மாற்றினோம், கலிபிரேஷன் செய்து மெசினின் அளவைச் சரிபார்த்தோம், ஏற்றம் நிற்கவில்லை. கடைசியில் வடிகட்டியின் உறையைக் கழற்றியபோது உள்ளே சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக இருந்தது. தண்ணீர் கெட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது கல்சியம்தான். கொழும்பில் இருக்கும் ஆய்வுகூடத்துக்குச் சொன்ன தவணை இங்கே பொருந்தாது, அதற்கு வெகு முன்னரே வடிகட்டி மாற்ற வேண்டியிருக்கிறது. அதன் செலவை யாரும் விலைப்பட்டியலில் காட்டவில்லை.

றியேஜன்ட்டும் அப்படித்தான். எங்களுடையது மூடிய வகை, அதே கம்பனியின் றியேஜன்ட் மட்டும்தான் ஏற்கும். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது ஆஸ்பத்திரிகளில் றியேஜன்ட்டும் தட்டுப்பட்டது நினைவிருக்கும். அவசரமானதைத் தவிர மற்றப் பரிசோதனைகளைக் குறைத்தோம். திறந்த வகையாக இருந்திருந்தால் வேறு எதையாவது வாங்கிச் சமாளித்திருக்கலாம். பழுது பார்க்கும் எஞ்சினியர் ஏ9 வீதி வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல் வர வேண்டும். போனில் “ஓவ் பண்ணி ஓன் பண்ணுங்கோ” என்பது முதல் சிகிச்சை. பாதி நாள் அதுவே சரியாகிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கரண்ட் போய் ஜெனறேற்றர் வரும் அந்தச் சில வினாடிக்கு யு.பி.எஸ். இல்லாவிட்டால் மெசின் தொடக்கத்திலிருந்து கழுவத் தொடங்கும், உள்ளே ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் வீண்.

ஊசியால் வேகமாகப் பீச்சிச் சிவப்பணுக்கள் உடைந்த இரத்தத்தை மட்டும் எந்த மெசினாலும் திருத்த முடியாது. பொற்றாசியம் பொய்யாக ஏறித்தான் வரும். சீரம் சிவந்திருக்கிறது என்று மெசின் எச்சரிக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. திரும்பக் குத்தச் சொல்லி வாட்டுக்குப் போன் எடுத்து ஏச்சு வாங்குவது நாங்கள்.

ஜப்பானில் கொச்சி மருத்துவக் கல்லூரியில் 1980களின் தொடக்கத்திலேயே மசாஹிடே சசாகி என்ற மருத்துவர் ரியூப்கள் நகரும் பட்டியில் தானாக ஓடும் ஆய்வுகூடத்தை அமைத்துவிட்டார். எங்களுக்கு அந்தப் பட்டி இப்போதைக்கு வேண்டாம். கிராமத்து ஆஸ்பத்திரிச் சாம்பிளுக்கு வாகனம் காலை ஒரு தரம், மதியம் ஒரு தரம் ஓடினால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கோரிக்கை டீசல் செலவுக் கணக்கில் தடைப்பட்டு நிற்கிறது.

பாதி வேலையைக் கையால் செய்ய வேண்டிய பழைய செமி ஓட்டோ மெசினை மூலையில் வைத்திருக்கிறோம். இடத்தை அடைக்கிறது, கழித்துவிடலாம் என்று அரச பொருட்களைக் கணக்கெடுக்கும் போர்ட் ஒஃப் சேர்வேக்கு வந்தவர்கள் கேட்டார்கள், நாங்கள் விடவில்லை. கிழமைக்கு ஒருமுறை அதில் ஒரு கொன்ட்ரோல் போட்டு ஓட்டிப் பார்க்கிறோம். புது எம்.எல்.ரி. யார் வந்தாலும் முதல் மாதத்துக்குள் அதில் கையால் இரத்தச் சீனியும் கிரியற்றினினும் பார்க்கப் பழகிவிட வேண்டும். பெரியது படுத்தால் இரவில் தனியே நிற்பவருக்கு அதுதான் இருக்கிறது.