எஃகு என்று சொன்னார்கள், உள்ளே இருந்தது பிளாஸ்டிக்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. இடையை இறுக்கி வடிவம் தர நாடாவால் கட்டும் கார்செட் என்ற உடையை வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அளவுக்குத் தைத்துத் தரும் ஓர் இணையக் கடை அது. நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. மார்புக்குக் கீழ், இடை, இடுப்பு என்று சுற்றளவுகளைக் கேட்டதோடு, உட்கார்ந்த நிலையில் மார்புக்குக் கீழிருந்து மடிவரை எவ்வளவு நீளம் என்றும் கேட்டார் கடையின் சார்பில் பேசிய பெண். உட்காரும்போது கீழ் விளிம்பு தொடையில் குத்தக்கூடாது என்ற கவலை, தைக்கத் தெரிந்தவருக்குத்தான் வரும். பிறகு ஒரு வீடியோ அனுப்பினார். வடிவம் குலையாமலிருக்க உள்ளே வைக்கும் சுருள் எஃகுப் பட்டை ஒன்றை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் விரலால் வளைத்துக் காட்டினார். "வளைந்த தையல்களில் இதை வைப்போம். முதுகில் நாடாத் துளைகளை ஒட்டித் தட்டை எஃகு. உள்ளே கூட்டில் துணி" என்றார். கூட்டில் என்பது மீன்முள் வரிசை போல நெருக்கி நெய்த பருத்தித் துணி. இழுத்தால் எளிதில் நெகிழாது. இவ்வளவு சொல்பவர் ஏமாற்ற மாட்டார் என்று அன்றிரவே முழுத் தொகையையும் அனுப்பினேன். அரை மாதச் சம்பளம்!

கார்செட் வந்து, அணியத் தொடங்கிய ஒன்பதாம் நாள் இடையில் ஒரு பட்டை மடிந்து விலாவில் குத்தியது. கழற்றிப் பார்த்தால் மடிப்பு நிமிரவே இல்லை. மறுநாள் நாடாத் துளையின் உலோக வளையம் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு கையோடு வந்தது. பின்பக்கம் அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய வட்டத் தகடே இல்லை.

கேட்டேன். "பழகப் பழகச் சரியாகும்" என்றார்கள். படம் அனுப்பினேன். "இறுக்கிக் கட்டியிருப்பீர்கள்" என்றார்கள். அப்புறம், "நீங்கள் கொடுத்த அளவு தவறு". அப்புறம், "அளவுக்குத் தைத்ததைத் திரும்பப் பெற மாட்டோம்". ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு மூன்று நாள் காத்திருந்தேன்.

பொறுக்க முடியாமல் தையலைப் பிரித்தேன். உள்ளிருந்து வந்தது பால் நிறப் பிளாஸ்டிக் கீற்று. உடல் சூடு பட்டால் அது அப்படியே வளைந்து நின்றுவிடும். கூட்டில் இல்லை, சாட்டினுக்குப் பின்னால் ஒட்டுத்துணி மட்டும். இடையைச் சுற்றி உள்ளே வைத்துத் தைக்கும் இடைநாடாவும் இல்லை. இடையின் இழுவிசையை வாங்கிக்கொள்ள வேண்டியதே அந்த நாடாதான். அது இல்லாததால் பாரம் முழுவதும் தையல்களில் விழுந்து, ஊசித் துளைகள் வாயைப் பிளந்திருந்தன. இதையும் படமெடுத்து அனுப்பினேன். "பிரித்துவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பில்லை" என்று முடித்துக்கொண்டார்கள்.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. தைக்கும்போதே உட்புறப் படம் கேளுங்கள், இடைநாடா கண்ணில் பட வேண்டும். வந்தவுடன் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பட்டையில் ஒட்டாவிட்டால் அன்றே கேளுங்கள். வளையத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

இன்று காலை அனுப்பிய செய்தியையும் பார்த்திருக்கிறார்கள். பதில் இல்லை. என் அரை மாதச் சம்பளம் அவர்களிடம்தான் இருக்கிறது.