பழையபேட்டை ஃபாரம் கடை: அப்பாவுக்கு பாஸ்போர்ட் எடுத்த அனுபவம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிற ஜெராக்ஸ் கடையைப் பற்றித்தான் இது. பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் சேவைகள் என்று எழுதியிருக்கும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'ஃபாரம் கடை' என்றால் ஆட்டோக்காரரே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். கடைப் பெயரை வேண்டுமென்றே போடவில்லை, இப்போதே அங்கே நிற்க இடமில்லை.

நான் போனது அப்பாவின் பாஸ்போர்ட்டுக்காக. தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள், இரண்டாவது பிரசவம், அம்மாவிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் உண்டு, அப்பாவிடம் இல்லை. அவருக்கு 67 வயது. வேப்பனப்பள்ளி பக்கம் எங்கள் ஊர், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், சந்தையில் கன்னடமும் ஓடும். மூன்று மாநில எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்களில் இதெல்லாம் யாரும் கவனிக்காத விஷயம். பேப்பரில் எழுதும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

அப்பாவின் பெயர் வீட்டில் முனெப்பா. பஞ்சாயத்து யூனியன் தெலுங்குப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தார், அந்த டி.சி.யில் தெலுங்கு எழுத்தில் அப்படியே இருக்கிறது. ரேஷன் கார்டில் முனியப்பன். ஓட்டர் ஐடியில் முனியப்பா. ஆதாரில் முதலில் முனியப்பா என்றுதான் இருந்தது, இனிஷியல் மட்டும் தப்பு. அதைச் சரி செய்யப் போன வருடம் வேறொரு சென்டருக்குப் போனேன். இனிஷியலைத் திருத்தச் சொன்னால் அந்தப் பையன் "தமிழ்நாட்டுல முனியப்பன்தானே சார் வரும்" என்று பெயரையும் சேர்த்து மாற்றிவிட்டான். அதற்கு 800 ரூபாய் வேறு. அதோடு, "ஆதார் இருக்குல்ல, அப்புறம் என்ன, இந்தியன்னு ப்ரூஃப் அதுதான்" என்று ஒரு தப்பான சட்ட விளக்கமும் கொடுத்து அனுப்பினான்.

ஃபாரம் கடைக்காரர் அந்த ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதுல பேரை எத்தனை தடவை மாத்துனீங்க?" ஒரு தடவை என்றேன். பெருமூச்சு விட்டார். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். ஒரு வாய்ப்பைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எத்தனை முனெப்பாக்கள், வெங்கடப்பாக்கள், கிருஷ்ணப்பாக்கள் இப்படி 'ன்' ஒட்டிக்கொண்டு திரிகிறார்களோ.

ஊர்ப் பெயரிலும் அதே கதைதான். நாங்கள் சொல்வது வேப்பனப்பள்ளி, சட்டமன்றத் தொகுதியின் பெயர் வேப்பனஹள்ளி. பள்ளி என்றால் ஒரு பாஷை, ஹள்ளி என்றால் இன்னொரு பாஷை, ஊர் ஒன்றுதான். ஒரு அட்டையில் அப்படி, இன்னொன்றில் இப்படி. கடைக்காரர் இதைப் பார்த்துப் பதறவில்லை. "எது மாத்த சுலபமோ அதை மாத்தணும், எது கஷ்டமோ அதை அடிப்படையா வெச்சுக்கணும்" என்று சொல்லி, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, எந்தெந்தப் பேப்பரில் என்ன பெயர், என்ன தேதி, என்ன ஊர் என்று எழுதினார். நாலு பேப்பர், மூன்று பெயர், இரண்டு பிறந்த தேதி. ஆதாரில் ஜனவரி 1, டி.சி.யில் ஜூன் 10. "இந்த ஜில்லாவுல பாதிப் பேர் ஜனவரி ஒண்ணாந்தேதிதான் பொறந்திருக்காங்க, மீதிப் பேர் ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரம்" என்றார். அப்பா சிரித்துவிட்டார். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

இந்தக் கடையின் விசேஷம் சுவரில் ஒட்டியிருக்கிற ஒரு சார்ட். ஸ்கெட்ச் பேனாவில் கையால் எழுதியது, லேமினேஷன் ஓரம் மஞ்சளாகிவிட்டது. மூன்று வரிதான்:

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்: பிறந்தது போதும்.
1987 ஜூலை 1 முதல்: அப்பா, அம்மா இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகன்.
2004 டிசம்பர் 3 முதல்: இருவரும். அல்லது ஒருவர் குடிமகன், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் இல்லை.

முதல் வரியில் வெளிநாட்டுத் தூதர் குழந்தை மாதிரி சில விலக்கு உண்டு, அது பழையபேட்டைக்குத் தேவைப்படாது என்று விட்டிருப்பார் போல. குடியுரிமைச் சட்டம் 1955-ஐப் பற்றி எத்தனையோ டிவி விவாதம் பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் எனக்கு இதை இப்படி மூன்று வரியில் சொன்னதில்லை. நின்றபடியே கணக்குப் போட்டேன். அப்பா 1958, முதல் வரி. நான் 1985, முதல் வரி. தங்கை 1989, இரண்டாவது. என் மகன் 2010, மூன்றாவது. ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு, மூன்று விதி. அப்பாவுக்கு அவர் பிறந்ததே போதும், என் மகனுக்கு நாங்கள் இரண்டு பேரும் சாட்சி வேண்டும்.

இன்னொரு கணக்கும் மனசில் ஓடியது. அப்பா பிறந்தது சென்னை மாநிலம், சேலம் மாவட்டம். 1965-இல் தர்மபுரி தனி மாவட்டமானது, 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது, நான் பிறந்தது தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது, மகன் பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, புளியமரம்கூட நகரவில்லை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று அப்பா தயங்கியபோது கடைக்காரர், "சேலம்னு போட்டா அங்க போய்த் தேடுவாங்க, இப்ப என்ன பேரோ அதைப் போடுங்க" என்றார்.

நாங்கள் முதல் தடவை போனது 2025 நவம்பர், வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவத்தோடு ஊரே அலைந்த நேரம். சந்து முழுக்க ஜனம். 2002 பட்டியலில் உன் பெயரையோ அப்பா அம்மா பெயரையோ தேடி எழுது என்றால், 2002-இல் கிருஷ்ணகிரி என்று ஒரு மாவட்டமே இல்லை, வேப்பனஹள்ளி தொகுதியும் 2008 மறுவரையறைக்குப் பிறகு வந்தது. எந்தத் தொகுதியில் போய்த் தேடுவது? கடையில் வேலை செய்கிற பெண், இருபத்தைந்து வயது இருக்கும், பழைய தொகுதி எது, பாகம் எண் எது என்று விரல் நுனியில் வைத்திருந்தார். பர்தா போட்ட ஒரு பாட்டிக்கு மூன்று பேப்பரில் பீ, பீபி, பேகம் என்று மூன்று மாதிரி பெயர். "க்யா ஹோனா அம்மா" (என்ன வேணும்மா) என்று உருதுவில் கேட்டு, தமிழில் படிவத்தை எழுதி, ரேஷன் கடை வரைக்கும் வழி சொல்லி அனுப்பினார். அடுத்து எங்களிடம் திரும்பி, அதே கேள்வி தெலுங்கில், "ஏம் காவாலண்ணா". நீங்கள் என்ன ஆள், எந்த ஊர்க்காரர் என்று அந்தக் கடையில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. என்ன பேப்பர் இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

அன்றைக்குப் பார்த்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாவட்டத்தில் இருக்கிற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள். அகதிகள் முகாம் என்று இருந்ததை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது, பேச்சில் எல்லோரும் கேம்ப் என்றுதான் சொல்கிறோம். பாஸ்போர்ட் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: எந்த வருஷம், எங்கே பிறந்தீங்க? இருவரும் இங்கேதான், கேம்பில்தான். அக்கா 1986, தம்பி 1991. சார்ட்டைக் கையால் காட்டினார், வேறு எதுவும் பேசவில்லை. அக்கா முதல் வரியில் இருக்கிறார், தம்பி இரண்டாவதில், அவருடைய அப்பா அம்மா இருவருமே இலங்கைக்காரர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இருக்கிற நாடுகளும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்தான், இலங்கை இல்லை.

மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டதையும், அவர் 2024 தேர்தலில் திருச்சியில் முதல் ஓட்டுப் போட்டதையும் சொல்லி, "அக்கா நீங்க ஒரு வக்கீலைப் பாருங்க, பிறப்புச் சான்று இருக்கான்னு மொதல்ல தேடுங்க" என்றார். தம்பி, "அப்ப நான்?" என்று கேட்டார். கடைக்காரர் அவரிடம் உங்களுக்கு இப்போதைக்கு என் கையில் ஒன்றும் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார். காசு வாங்கவில்லை. ஆன்லைனில் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசை காட்டி ஆயிரம் இரண்டாயிரம் கறந்திருக்கலாம், அப்படிக் கறக்கிற இடங்கள் நமக்குத் தெரியாதா என்ன. என்னைவிட நல்ல தமிழ் பேசுகிற ஒருத்தர், தமிழ்நாட்டை விட்டு வெளியே போயிராதவர், இந்தியர் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற நான் இந்தியன். அந்தத் தம்பி வெளியே போகும்போது என் அப்பா அவருக்கு வழிவிட்டு எழுந்து நின்றார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

சரி, எங்கள் வேலை. ஆதாரில் கடைசி வாய்ப்பைப் பயன்படுத்தி முனியப்பா என்று திருத்த வேண்டும், தேதியை டி.சி.படி ஜூன் 10 ஆக்க வேண்டும். அதற்கு ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டும், இவர் செய்ய முடியாது. ஆனால் என்ன எழுத வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, "அங்க டைப் பண்றப்ப ஸ்கிரீனை நீங்க பாக்கணும், அவங்க படிச்சுக் காட்டுறதை நம்பாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு திருத்தம் அவரே ஆன்லைனில் போட்டார். ஒன்றரை மாதம் ஆனது. பிறகு பாஸ்போர்ட் விண்ணப்பம். 60 வயதைத் தாண்டியவருக்குக் கட்டணத்தில் பத்து சதவீதம் குறைவு, 1500-க்கு 1350 என்பதை அவரே சொன்னார், எனக்குத் தெரியாது. போட்டோ வேண்டாம், அங்கேயே எடுப்பார்கள் என்றார். போட்டோ ஸ்டுடியோவும் வைத்திருக்கிற ஆள் இதைச் சொல்கிறார், யோசித்துப் பாருங்கள். கடைக் கூலி மொத்தம் 250, எல்லா ஜெராக்ஸும் சேர்த்து.

குறைகள் இல்லாமல் இல்லை. டோக்கன் கிடையாது, யார் குரல் பெரிதோ அவருக்கு முதலில் வேலை நடக்கும். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றுக்குக் கால் வளைந்திருக்கிறது, வயதானவர்கள் ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஃபோன் எடுக்கவே மாட்டார்கள். எங்கள் விண்ணப்பத்தில் பின்கோடின் கடைசி எண்ணைத் தப்பாக அடித்துவிட்டார்கள், நல்லவேளை பணம் கட்டுவதற்கு முன் அப்பா கண்ணில் பட்டது. சொன்னதும் திருத்தினார்கள், ஆனால் ஸாரி என்று ஒரு வார்த்தை வரவில்லை. கடைக்காரருக்குக் கோபமும் அதிகம். ஒரிஜினல் இல்லாமல் வாட்ஸ்அப்பில் போட்டோ காட்டினால் கத்துகிறார். ஒரு ஸ்டார் இதற்கெல்லாம் சேர்த்துக் குறைக்கிறேன். ஐந்துக்கு நாலு.

பாஸ்போர்ட் ஜனவரி கடைசியில் தபாலில் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவருக்குத் தெலுங்கும் தமிழும் படிக்க வரும், அதில் இருப்பது இந்தியும் ஆங்கிலமும். "இதுல நம்ம எழுத்து ஒண்ணும் இல்லையேடா" என்றார். இந்தியன் என்று போட்டிருக்கிற இடத்தை விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் தபால்காரருக்குக் கொடுக்கச் சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்தவர், கொடுக்காமல் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பதினைந்து மொழி வரிசை இருக்கிறதே, அதில் நாலாவது கன்னடம், கடைசி மூன்று வரி தமிழ், தெலுங்கு, உருது. எங்கள் சந்தையில் காதில் விழுகிற பாஷை அத்தனையும் அதில் இருக்கிறது. "நோட்டு அடிக்கிறவனுக்குத் தெரிஞ்சது இவனுக்குத் தெரியலை பாரு" என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டு நோட்டைக் கொடுத்தார்.

தங்கை அங்கே நீல அட்டை வைத்திருக்கிறாள், அதாவது நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. அந்த ஊர் பாஸ்போர்ட் எடுத்தால் நம் குடியுரிமை போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டத்திலும் இடமில்லை, அவர்கள் சட்டத்திலும் இல்லை. அவளுடைய மூத்த பையன் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கிறான், தெலுங்கு அங்கே பாடத்தில் கிடையாது. அவனுக்குப் பெயர் பிரச்சினை வந்தால் எந்தக் கடைக்குப் போவானோ.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், இரண்டிலிருந்து மூன்றரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். எல்லா ஒரிஜினலும் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய டி.சி. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள். சில்லறையாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சந்தில் சிக்னல் கிடையாது, ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும்.