கோஸ்டா ரிக்காவா, பனாமாவா?

பத்து நாள் விடுப்பில் ஸ்பானிஷ் பேசும் வெப்ப நாடு ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தேட ஆரம்பித்தால், கடைசியில் பெரும்பாலும் மத்திய அமெரிக்காவின் தெற்குக் கோடியில் ஒட்டிக்கிடக்கும் இந்த இரண்டு நாடுகளுக்குத்தான் வந்து நிற்போம். இரண்டுக்கும் ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் கரீபியன். இரண்டிலும் டிசம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் வரை வெயில், மே முதல் நவம்பர் வரை மழை. எல்லையில் இருக்கும் லா அமிஸ்தாத் காட்டுப் பூங்காவைக்கூடப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கே போனால் என்ன என்று தோன்றும். ஆனால் கோஸ்டா ரிக்கா விருந்தாளிக்காக வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்த வீடு. பனாமா, நாலு திசைக்காரர்களும் வந்து தங்கிப் போகிற சத்திரம்.

முதலில் கோலம் போட்ட வீடு. 1948-இல் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, வென்ற தரப்பின் தலைவர் ஹோசே ஃபிகேரஸ் ராணுவத்தையே கலைத்தார். மறு ஆண்டு அரசியல் சட்டத்திலும் அது ஏறிவிட்டது. இது சுற்றுலாக்காரருக்கு எதற்கு என்றால், காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் கட்டாய ராணுவ சேவையை ஏற்க மறுத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர், ராணுவம் இல்லாத நாடு என்பதற்காகவே 1951-இல் இங்கே வந்து மோன்டேவெர்டே மலையில் குடியேறினார்கள். பால் பண்ணை வைத்தார்கள், தண்ணீருக்காக மேலே இருந்த காட்டை வெட்டாமல் விட்டார்கள். இன்று தொங்குபாலத்தில் நடந்து மேகத்துக்குள் புகுந்து கெட்ஸால் பறவையைத் தேடுகிறார்களே, அந்தக் காட்டின் பாதுகாப்பு அங்கே தொடங்கியதுதான். பிறகு 1996-இல் வந்த வனச் சட்டம், மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்குப் பணம் தர ஆரம்பித்தது. எரிபொருள் வரியிலிருந்து அதற்கு நிதி வந்தது. காடு திரும்பி வளர்ந்தது, கூடவே சுற்றுலாவும் வளர்ந்தது.

அதனால் எல்லாம் ஏற்பாடாக இருக்கும். அரேனல் எரிமலையிலிருந்து மோன்டேவெர்டே போக வேனில் ஏறி, ஏரியைப் படகில் கடந்து, மறுபடி வேனில் ஏறும் சவாரியைத் தங்கும் விடுதியிலேயே பதிவு செய்து தருவார்கள். (1968 முதல் குமுறிக்கொண்டிருந்த அரேனல் 2010-இல் அடங்கிவிட்டது. இரவில் நெருப்புக் குழம்பு தெரியும் என்று பழைய படத்தைக் காட்டி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.) ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. மத்திய அமெரிக்காவில் பர்ஸ் சீக்கிரம் காலியாகும் நாடு இதுதான். உணவகத்தில் 13% வரியும் 10% சேவைக் கட்டணமும் சேரும். மனுவேல் அந்தோனியோ பூங்காவுக்கு இணையத்தில் முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே தேவாங்கு போல மெல்ல நகரும் ஸ்லாத் ஒன்று மரத்தில் தொங்கினால், கீழே இருபது பேர் கேமராவோடு நிற்பார்கள்.

இனி சத்திரம். பனாமாவுக்குத் தன்னை விற்கத் தெரியாது என்பது என் எண்ணம். விமானம் மாற மட்டும் தோக்குமேன் நிலையத்தில் இறங்கிப் பறந்துவிடுகிறவர்களே ஏராளம். வெளியே வந்தால், மத்திய அமெரிக்காவின் முதல் மெட்ரோ ஓடும் நகரம். கண்ணாடிக் கோபுரங்களுக்கு எதிரே காஸ்கோ வியேஹோ என்ற பழைய நகரம். ஹென்றி மார்கனின் கொள்ளைக் கூட்டம் வந்த 1671-இல் முதல் நகரம் எரிந்துபோக, சில கிலோமீட்டர் தள்ளி மறுபடி கட்டியது இது. அதன் கடற்கரையில் விடியற்காலை நின்றால் சூரியன் பசிபிக்கிலிருந்து எழும். நாடு கிழக்கு மேற்காகப் படுத்துக்கிடப்பதால் வரும் வேடிக்கை.

கால்வாயை வெறும் இன்ஜினியரிங் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கப்பல்களை ஏற்றி இறக்கும் மீராஃப்ளோரெஸ் மடைக்குக் காலையிலோ பிற்பகல் சாய்ந்த பிறகோ போங்கள். உச்சிவேளையில் கப்பல் இல்லாமல் வெறும் தண்ணீரைப் பார்த்துத் திரும்ப நேரலாம். பம்பு எதுவும் கிடையாது. மேலே இருக்கும் காட்டூன் ஏரியின் நீர் தானாக இறங்கி, அடுக்கு மாடிக் கட்டடம் போன்ற கப்பலை 26 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறது. ஒரு கப்பல் கடக்கச் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023-இல் மழை பொய்த்தபோது கப்பல்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டியிருந்தது. அதாவது இந்தக் கால்வாயும் ஏரிக்கு நீர் தரும் காட்டை நம்பித்தான் ஓடுகிறது. நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சோபரானியா காடு இருக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு அது சொர்க்கம், கூட்டமும் குறைவு.

பனாமாவில் எனக்கு மிகவும் பிடித்தது குனா பழங்குடியினரின் குனா யாலா. கரீபியன் பக்கம் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள். மக்கள் குடியிருப்பது ஏறக்குறைய ஐம்பதில். 1925-இல் தங்கள் உடையையும் வழக்கத்தையும் ஒழிக்க வந்த பனாமா காவலர்களை எதிர்த்துக் கிளர்ந்து, தன்னாட்சி வாங்கிய மக்கள் இவர்கள். இங்கே சுற்றுலாவை நடத்துவதும் அவர்களே. வெளியார் நட்சத்திர ஹோட்டல் எதுவும் இல்லை. ஓலைக் குடிசை, மீன், தேங்காய்ச் சோறு. பெண்கள் சட்டையில் தைத்துக்கொள்ளும் மோலா துணியை அவர்களிடமே வாங்கலாம். கடல் மட்டம் ஏறுவதால் கார்தி சுக்துப் தீவிலிருந்து 300 குடும்பங்கள் 2024-இல் கரைக்குக் குடிபெயர்ந்தன. சொகுசு எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நுழைவாயிலில் கேட்பார்கள்.

பண விஷயத்தில் பனாமா சுலபம். பால்போவா என்பது பெயருக்கு; நோட்டெல்லாம் அமெரிக்க டாலர்தான், சில்லறை மட்டும் உள்ளூர். சாப்பாடு இரண்டிலும் பெரிதாகச் சிலாகிக்க ஒன்றுமில்லை. காரம் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். சைவர்களுக்குக் கோஸ்டா ரிக்காவின் காயோ பின்டோ கைகொடுக்கும்: பழைய சோற்றைக் கறுப்புப் பயறோடு வதக்கிக் காலையிலேயே போடுவார்கள்.

விலங்குகளுக்காகவே போகிறீர்கள், கூடவே குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் கோஸ்டா ரிக்கா. தோர்த்துகேரோவில் பச்சை ஆமை முட்டையிட வருவது ஜூலை முதல் அக்டோபர் வரை. சாலையே கிடையாது, படகு அல்லது சிறு விமானம். மழைக்காலமாயிற்றே என்று பயப்பட வேண்டாம். கரீபியன் கரை நாட்டின் பொது நாள்காட்டிக்குக் கட்டுப்படாது, செப்டம்பரிலும் அக்டோபரிலும் அங்கே மழை ஓரளவு விட்டிருக்கும். நகரம், வரலாறு, காடு, தீவு எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டுமென்றால் பனாமா. என்னைக் கேட்டால், முதல் தடவைக்கே பனாமாவைச் சொல்வேன்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கோஸ்டா ரிக்காவின் புவேர்த்தோ வியேஹோவிலிருந்து பஸ் பிடித்து, சிக்ஸாவோலா ஆற்றுப் பாலத்தில் எல்லையைத் தாண்டி, அல்மிரான்தேயில் படகு ஏறினால் அன்று மாலையே போகாஸ் தெல் தோரோ தீவில் இறங்கலாம். அதிகாலையில் கிளம்புங்கள். பாலத்தைத் தாண்டியதும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் பறிபோய்விடும்.