1098 குழந்தைகள் உதவி எண்: ஓர் ஆசிரியையின் அனுபவம்

எங்கள் பள்ளிச் சுவரில் 1098 என்று எழுதிவைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளுக்கு மறக்காமல் இருக்க ‘பத்து, ஒன்பது, எட்டு’ என்று பின்னோக்கி எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நானே அந்த எண்ணை அழைத்தது 2024 ஜூலையில்தான். அழைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். என்னைப்போல் தயங்குகிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்காகத்தான் அழைத்தேன். அவன் பெயர், ஊர், மாவட்டம் எதையும் சொல்லமாட்டேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன்.

தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளை. பீடி சுற்றும் ஆச்சியோடு பெரியப்பா வீட்டில் இருந்தான். ஒரு திங்கட்கிழமை இடது காலை ஊன்றாமல் நடந்து வந்தான். கேட்டபோது, “பைக் சைலன்சர் சுட்டுவிட்டது டீச்சர்” என்றான். சைலன்சர் சுட்ட தழும்பு எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. வலது கெண்டைக்காலின் உட்புறத்தில், கோழிமுட்டை போல இருக்கும். இவனுக்கோ இடது கெண்டைக்காலின் வெளிப்புறத்தில், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு நீளக் கோடு. கோட்டின் கீழ்முனை மட்டும் அகன்றிருந்தது. எந்த வீட்டுச் சமையலறையிலும் கிடக்கிற தோசைத் திருப்பியின் வடிவம் அது. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் புதன்கிழமை வரை சும்மா இருந்தேன். ‘குடும்ப விஷயம்’, ‘நாளைக்கு அவர்கள் வந்து சண்டை போட்டால்?’ என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. புதன்கிழமை காயத்தில் சீழ் வைத்திருந்தது. அன்று இரவு எட்டு மணிக்கு அழைத்தேன்.

கட்டணம் இல்லாத அழைப்பு, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். எனக்குச் சீக்கிரமே எடுத்தார்கள். பேசியவர் முதலில் கேட்டது இதுதான்: “பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான்? இன்று இரவு அங்கே இருப்பது அவனுக்கு ஆபத்தா?” அதன் பிறகுதான் வயது, காயம், வீட்டில் யார் யார் என்ற கேள்விகள் வந்தன. என் பெயரைச் சொல்லத் தயங்கியபோது வற்புறுத்தவில்லை. புகார் கொடுத்தவர் யார் என்று அந்த வீட்டாருக்குத் தெரியாது என்று தெளிவாகச் சொன்னார். நான் பெயரையும் எண்ணையும் கொடுத்தேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள், 1098 சேவையின் சார்பில் பிள்ளையை நேரில் பார்க்க ஒரு வழக்குப் பணியாளர் பஸ்ஸில் வந்து இறங்கினார். சமூகப்பணி முதுநிலை படித்தவர், வயது இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் அந்த எண்ணம் மாறிவிட்டது.

தலைமையாசிரியர் அறையிலேயே பையனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று நாங்கள் நாற்காலி போட்டிருந்தோம். அவர் வேண்டாம் என்றார். மற்றப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்காத, ஆனால் பையனுக்கு எங்கள் வகுப்பு வாசல் கண்ணில் படுகிற இடம் வேண்டும் என்று கேட்டார். புங்கமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர் முதலில் தன் பெயரைச் சொன்னார். தான் என்ன வேலை செய்கிறார், எதற்கு வந்திருக்கிறார் என்று சொன்னார். காலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவன் புத்தகப்பையில் ஒட்டியிருந்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அவனே கேட்டான்: “நான் சொன்னால் யாரிடமும் சொல்லமாட்டீர்கள்தானே அக்கா?”

அந்த இடத்தில் நானாக இருந்தால் ‘சத்தியமாகச் சொல்லமாட்டேன்’ என்றிருப்பேன். இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியப் பணியில் அப்படித்தான் எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னார்: “சொல்ல வேண்டியிருக்கும் தம்பி. உன்னைப் பத்திரமாக வைக்க வேண்டிய சிலரிடம் மட்டும். யாரிடம் சொல்லப்போகிறேன் என்று உன்னிடம் முன்னாலேயே சொல்லிவிடுவேன்.” பையன் மண்ணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு கால்சட்டையை மேலே தூக்கிக் காலைக் காட்டினான்.

அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே எழுதிக்கொண்டார். நடுவில் மறித்து ‘எத்தனை மணிக்கு, எந்தக் கையால்’ என்று துருவவில்லை. நானோ முந்தைய மூன்று நாளில் தலைமையாசிரியரிடம் ஒரு முறை, சத்துணவு அமைப்பாளரிடம் ஒரு முறை அந்தக் காலைக் காட்டச் சொல்லியிருந்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று அன்றுதான் புரிந்தது.

அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனை. அன்று மாலையே குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோனார்கள். 24 மணி நேரத்துக்குள் முன்னிலைப்படுத்த வேண்டும் என்பது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் (2015) விதி. இப்படிப்பட்ட பிள்ளை யாரிடம், எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும், தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழு அது. காவல் நிலையத்தில் பெரியப்பா மீது வழக்குப் பதிவானது. பராமரிப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 75ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பையனைத் தற்காலிகமாக ஓர் இல்லத்தில் வைத்தார்கள்.

இல்லம் என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. நல்ல எண்ணத்தில் செய்து, பிள்ளையை அநாதை ஆசிரமத்தில் தள்ளிவிட்டேனோ என்று இரவெல்லாம் உறக்கமில்லை. அந்தப் பணியாளர் தொலைபேசியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இல்லம் எங்களுக்குக் கடைசி வழி டீச்சர். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.” அது ஆறுதலுக்காகச் சொன்ன பேச்சு என்று நினைத்தேன். சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே அடிப்படைக் கோட்பாடாக அது இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையைப் பதினைந்து நாளுக்குள் குழுவிடம் கொடுக்க வேண்டும். அதற்காக அவர் பெரியப்பா வீட்டுக்கும் பக்கத்து ஊரில் இருக்கும் அத்தை வீட்டுக்கும் போனார். அத்தை வீட்டுக்கு வழி காட்ட நானும் ஒரு நாள் போனேன். வருமானம் எவ்வளவு, எத்தனை அறை என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். பையன் எங்கே படுப்பான், பாயை எங்கே விரிப்பீர்கள் என்று காட்டச் சொன்னார். கழிப்பறைக்கு இரவில் எந்த வழியாகப் போவான் என்று நடந்தே பார்த்தார். அத்தையின் மகளிடம் தனியாகப் பேசி, அவளுக்குச் சம்மதமா என்று கேட்டார். அத்தையிடம் கேட்ட கேள்வி ஒன்று: “உங்கள் அண்ணன் வந்து வாசலில் நின்றால் என்ன செய்வீர்கள்?” அத்தை பதில் சொல்லாமல் அழுதார். பணியாளர் காத்திருந்தார். கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. கடைசியில் அத்தை, “உங்களைக் கூப்பிடுவேன்” என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

ஆச்சியை அவர் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேரனைப் பிரித்துவிட்டார்கள் என்று அந்தக் கிழவி சாப்பிடாமல் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று குழுவிடமே பேசி ஏற்பாடு செய்தார். பதினெட்டாம் நாள் பையன் அத்தை வீட்டுக்கு வந்தான்.

இனிக் குறைகள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான அரசின் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் ரூ.4,000 கிடைக்க அவனுக்குத் தகுதி உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அத்தை வயல் கூலி. விண்ணப்பம் போன ஓர் அலுவலகத்தில் கோப்பு ஏழு மாதம் கிடந்தது. வருமானச் சான்றை இரண்டு முறை கேட்டார்கள். கூட்டுக் கணக்கின் வங்கிப் புத்தக நகலைத் தொலைத்துவிட்டு மறுபடி கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அத்தைக்கு ஒரு நாள் கூலி போனது. பிறகு, வேறோர் அலுவலகத்திலிருந்து விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்த ஒருவர், கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், “என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்” என்று பையனை நிற்கவைத்துக் கேட்டார். அன்றிரவு அவன் பாயில் சிறுநீர் கழித்தான் என்று அத்தை சொன்னார். எழுதிவைத்த அறிக்கை கையிலேயே இருக்கும்போது ஒரு பிள்ளையை அப்படிக் கேட்பது கொடுமை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று, அந்தப் பணியாளர்களின் நிலை. ஒப்பந்த வேலை. ஆளெடுப்பு விளம்பரத்தில் மாதம் ரூ.18,000 தொகுப்பூதியம் என்று பார்த்தேன். ஒரு குழந்தை யாரை நம்பிக் காலைக் காட்டியதோ அவர் அடுத்த ஆண்டு அந்த வேலையில் இருப்பாரா என்று உறுதி கிடையாது. 1996இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத் திட்டமாக ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய சேவை இது. 2023இல் அரசே நேரடியாக எடுத்து நடத்தத் தொடங்கி 112 அவசர எண்ணோடும் இணைத்தது. எண் நிலைத்துவிட்டது, அதன் பின்னால் இருக்கும் மனிதர்களையும் நிலைக்கவைக்க வேண்டாமா?

ஆசிரியை என்பதால் மதிப்பெண் போடாமல் இருக்க முடியவில்லை. அழைப்பை எடுத்த விதத்துக்கும் அந்தப் பணியாளரின் வேலைக்கும் நூற்றுக்கு 95. பணம் வந்து சேர்ந்த விதத்துக்கு 30.

அழைக்க நினைப்பவர்களுக்கு: நடந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். பிள்ளை இப்போது இருக்கும் இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள். காயத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

சென்ற மாதம் அந்தப் பணியாளர் அத்தை வீட்டுக்கு மறுபடி வந்தாராம். பையன் இப்போது ஆறாம் வகுப்பு. “அக்கா, என் காலைப் பற்றி யாரிடமெல்லாம் சொன்னீர்கள்?” என்று கேட்டிருக்கிறான். அவர் நோட்டை எடுத்து, ஒவ்வொருவராகப் படித்துக் காட்டியிருக்கிறார்.