ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிட எக்செல்லா, மாநாட்டுத் தளமா?

மருத்துவ மாநாட்டுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களைத் திரட்டி, மதிப்பீட்டாளர்களுக்குப் பங்கிட்டு, மதிப்பெண் வாங்கித் தேர்ந்தெடுக்கச் சிங்கப்பூரில் ஏற்பாட்டுக் குழுக்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன: மின்னஞ்சலோடு எக்செல்; மைக்ரோசாஃப்ட் சிஎம்டி, ஈஸிசேர் போன்ற இணையவழி மாநாட்டுத் தளங்கள்; ஆக்ஸ்ஃபர்ட் அப்ஸ்ட்ராக்ட்ஸ் போன்ற கட்டணச் சேவைகள். இவற்றை விலையையும் வசதியையும் வைத்து ஒப்பிடுவதே வழக்கம். சிங்ஹெல்த், என்எச்ஜி, என்யுஎச்எஸ் என்ற மூன்றே பொதுச் சுகாதாரக் குழுமங்களுக்குள் ஒரு துறையின் நிபுணர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் ஊரில், யாருடைய ஆய்வு யார் கைக்குப் போகிறது என்பதை எந்த வழி கட்டுக்குள் வைக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

எக்செல்லை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஐம்பது அறுபது சுருக்கங்கள் வரும் துறைக்கூட்டத்துக்கு அது போதும். தாராளமாக மதிப்பெண் போடுபவரும் கறாரானவரும் கலந்திருக்கையில், ஒவ்வொருவரின் சராசரியையும் கணக்கிட்டு மதிப்பெண்களைச் சமன்செய்வது அதில் சில நிமிட வேலைதான். ஆனால், மறைத்து வைத்த ஆசிரியர் பெயர் நெடுவரிசையை எவரும் நொடியில் திறந்துவிடலாம்; ஒரு நெடுவரிசையை மட்டும் தவறுதலாக வரிசைப்படுத்திவிட்டால், ஒருவரின் மதிப்பெண் இன்னொருவரின் தலைப்போடு போய் ஒட்டிக்கொள்ளும்.

பெயரை மறைப்பது வெறும் சம்பிரதாயமன்று. அமெரிக்க இதயச் சங்கம் தன் ஆண்டுக் கூட்டத்துக்கான சுருக்கங்களை 2002 முதல் பெயர் மறைத்து மதிப்பிடத் தொடங்கியது. 2000 முதல் 2004 வரை அங்கு வந்த 67,275 சுருக்கங்களை ஆராய்ந்து 2006இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அமெரிக்க ஆசிரியர்களுக்கும் புகழ்பெற்ற கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவர்களுக்கும் முன்பு இருந்த சாதகம் பெயரை மறைத்த பின் குறைந்ததைக் காட்டியது.

இந்த வேலையில் மாநாட்டுத் தளங்கள் எக்செல்லைவிடத் தெளிவாக மேலானவை. மதிப்பீட்டாளருக்கு ஆசிரியர் பெயர் தெரியாதபடி அமைக்கலாம். மதிப்பீட்டாளரும் ஆசிரியரும் ஒரே நிறுவனத்தவராக இருக்கும் நலன் முரண்பாட்டை, அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு கண்டறிய சிஎம்டியில் வழியுண்டு. எனினும் இங்கே பல மருத்துவர்கள் மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் பதவி வகிப்பதால், ஒருவருக்கு இரண்டு நிறுவன முகவரிகள் இருக்கும். இரண்டையும் பதியச் சொல்லாவிட்டால் அந்த வசதி இருந்தும் பயனில்லை. அத்துடன், கணினி அறிவியல் மாநாடுகளை மனத்தில் வைத்து உருவானவை இவை. பின்னணி, முறை, முடிவுகள், முடிவுரை என்று தனித்தனிப் பெட்டிகளில் எழுதப்படும் மருத்துவச் சுருக்கத்துக்கு ஏற்ப, படிவத்தை நாமே வடிவமைக்க வேண்டியிருக்கும். பழகாத செயலாளருக்கு இது தலைவலிதான்.

கட்டணச் சேவை அந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்க்கும். சொல் வரம்பு, பிரிவு வாரியான படிவம், ஆய்வுகளைச் சுவரொட்டிகளாகக் காட்டி விளக்கும் அமர்வுகளின் நிகழ்ச்சி நிரல் எல்லாம் ஒரே இடத்தில் அமையும். அதற்கான பணத்தை ஆதரவாளரிடம் கேட்டுப் பெற முடிகிற பெரிய மாநாட்டுக்கே அது பொருந்தும். துறைக்கூட்டத்துக்கு வீண் செலவு.

நூற்றைத் தாண்டும் சுருக்கங்கள் எதிர்பார்க்கப்பட்டால் நான் சிஎம்டியைத் தேர்வேன். கல்விசார் மாநாடுகளுக்கு அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. படிவம் அமைக்கும் உழைப்பையும் ஒரு முறை செலவிட்டால் போதும். ஆனால் எந்தத் தளமும் சுருக்கத்தின் உள்ளே எழுதப்பட்டதை மறைப்பதில்லை. 'ஊட்ரம் வளாகத்தில் உள்ள எங்கள் பிரிவில்' என்று ஒருவர் எழுதிவிட்டால், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை அங்கேதான் இருப்பதால், ஆசிரியர் பெயரை எவ்வளவு மறைத்தும் மதிப்பீட்டாளர் ஆளைக் கண்டுகொள்வார். எனவே மருத்துவமனையின் பெயரையும் இடத்தையும் சுருக்கத்தில் எழுதக் கூடாது என்ற விதியைச் சமர்ப்பிப்புப் படிவத்தின் தொடக்கத்திலேயே வைத்து, மீறியவற்றைச் செயலாளர் மதிப்பீட்டுக்கு அனுப்பும் முன்பே திருப்பி அனுப்ப வேண்டும்.