பிலோ த பெல்ட்டா, கோல்போஸ்ட்டை நகர்த்துவதா, நாட் கிரிக்கெட்டா? எதை எங்கே சொல்வது

எதிராளி முறைகேடாக நடந்துகொண்டால் ஆங்கிலம் பேசுகிற பலருக்கு உடனே வாயில் வருவது 'பிலோ த பெல்ட்' தான், அதாவது இடுப்புப் பட்டைக்குக் கீழே அடிப்பது. மீட்டிங்கில் யாராவது கொஞ்சம் காட்டமாக விமர்சித்தாலும் அதுதான், போட்டிக் கம்பெனி விலையைக் குறைத்து ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனாலும் அதுதான். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. அந்தத் தொடர் சொல்கிற காயம் ரொம்பக் குறிப்பானது, அதைக் கண்டதற்கெல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டால் நிஜமாகவே அப்படி அடிபட்டவர் சொல்லும்போது யார் காதிலும் ஏறாது. இத்தனைக்கும் முறைகேட்டைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னும் சில தொடர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான தப்பைப் பிடிக்கிறது.

முதலில் பெல்ட். இது குத்துச்சண்டையிலிருந்து வந்தது. 1743-ல் இங்கிலாந்தில் ஜாக் பிராட்டன் வகுத்த விதிகளிலேயே கீழே விழுந்தவனை அடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது. இன்றைய சண்டைகளில் அங்கே குத்தினால் நடுவர் எச்சரிக்கலாம், புள்ளியைக் குறைக்கலாம், ஒரேயடியாக வெளியேற்றலாம். 1996-ல் ஆண்ட்ரூ கோலோட்டா, ரிடிக் போவுடன் மோதிய இரண்டு சண்டைகளிலும் புள்ளிகளில் முன்னால் இருந்தும் இடுப்புக்குக் கீழே குத்திக் குத்தியே தகுதி இழந்தார். ஜெயிக்கிற ஆட்டத்தை யாராவது இப்படிக் கெடுத்துக்கொள்வார்களா என்று கேட்கத் தோன்றும், ஆனால் வாய்ச்சண்டையில் நாம் தினமும் பார்ப்பதும் இதைத்தான். மகாபாரதத்தில் கதாயுதப் போருக்கும் இதே முறைதான், தொப்புளுக்குக் கீழே அடிக்கக் கூடாது. பீமன் துரியோதனன் தொடையில் அடித்தபோது பலராமன் கொதித்தது அதனால்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, குத்து தப்பில்லை, விழுந்த இடம்தான் தப்பு. அண்ணனும் தம்பியும் வீட்டுச் செலவுக் கணக்கில் மோதுகிறார்கள் என்று வையுங்கள். "அண்ணே, கூட்டல் தப்பா இருக்கு, ஒருதரம் பாரு" என்கிறான் தம்பி. "உன்னை வேலையை விட்டுத் துரத்தினப்ப என்கிட்ட வந்து அழுதவன்தானேடா நீ, நீ எனக்குக் கணக்கு சொல்றியா?" என்கிறான் அண்ணன். அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, நம்பிச் சொன்ன ஒன்றை எடுத்து வலிக்கிற இடமாகப் பார்த்து இறக்கியிருக்கிறான். பிலோ த பெல்ட் என்றால் இதுதான். "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது இதற்குப் பதிலே ஆகாது. மறுபக்கம், "உன் கணக்கு முழுக்க அபத்தம்" என்று கத்தினால்கூட அது கடுமையான பேச்சு, அவ்வளவுதான், பெல்ட்டுக்கு மேலே விழுந்த குத்து.

கோல்போஸ்ட்டை நகர்த்துவது வேறு வகை. இதில் யார் மனசையும் யாரும் குத்துவதில்லை, பாதி ஆட்டத்தில் அளவுகோலை மாற்றுகிறார்கள். 10 வாடிக்கையாளர்களைப் பிடித்தால் பதவி உயர்வு என்று சொல்லிவிட்டு, பிடித்துக் காட்டியதும் "10 பேர் சரி, பெரிய வாடிக்கையாளர் ஒருத்தரும் இல்லையே" என்பார்கள் பாருங்கள், அது. விவாதங்களிலும் உண்டு: ஆதாரம் எங்கே என்பார்கள், கொடுத்தால் இந்த ஆதாரம் செல்லாது, வேறு வேண்டும் என்பார்கள். இதை ஒருவர் மைதானத்திலேயே செய்தும் இருக்கிறார். 2009-ல் ஸ்வீடன் கால்பந்து லீக்கில் கிம் கிறிஸ்டென்சன் என்ற கோல்கீப்பர் கம்பங்களைக் காலால் உள்பக்கம் தள்ளி கோலைக் குறுக்கினார், நடுவர் பார்த்துவிட்டார், பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அலுவலக மெயிலில் தைரியமாக எழுதக்கூடிய தொடர் இது, ஏனென்றால் முன்பு சொன்னது என்ன, இப்போது சொல்வது என்ன என்று தேதியோடு காட்டிவிடலாம்.

'நாட் கிரிக்கெட்' இரண்டிலும் சேராது. விதி அனுமதிக்கிறது, மனசாட்சி அனுமதிக்கவில்லை என்கிற இடத்துக்கு உரியது. 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன். ஆட்டத்தைச் சமன் செய்ய நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் 6 ரன் வேண்டும். ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல், தம்பி ட்ரெவரிடம் பந்தைத் தரையோடு தரையாக உருட்டிவிடச் சொன்னார். அன்றைய விதிப்படி அது செல்லும், ஆனால் ஆஸ்திரேலியப் பிரதமரே அதைக் கண்டித்தார். தொடர் என்னவோ அருமையானதுதான், ஆனால் பழைய பிரிட்டிஷ் வாடை வீசும், கிரிக்கெட் தெரியாதவரிடம் சொன்னால் விழிப்பார்.

'சக்கர் பஞ்ச்' எதிர்பாராத நேரத்தில் விழுகிற அடி. மறைந்திருந்து வாலியை வீழ்த்திய அம்பு இந்த ரகம்.

அப்புறம் 'லோ ப்ளோ', அதாவது கீழே விழுந்த அடி, பெல்ட்டின் உடன்பிறப்பு. அர்த்தம் ஒன்றே, ஆனால் சட்டென்று விழுந்த ஒரு அடியைச் சுட்ட 'தட் வாஸ் எ லோ ப்ளோ' வசதி, எல்லை மீறிவிட்டாய் என்று நிறுத்திச் சொல்ல 'தட் வாஸ் பிலோ த பெல்ட்' எடுப்பு. தெரிந்தவர்களிடம் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், அதில் ஒரு கோடு தெரிகிறது.

அந்தக் கோடு எங்கே என்பதில்தான் சண்டையே. 2023 ஆகஸ்டில் குத்துச்சண்டை வீரர்கள் உசிக், டுபோயிஸ் மோதலின் 5-வது சுற்றில் டுபோயிஸின் குத்து பெல்ட்டில் பட்டதா, கீழே பட்டதா என்று நடுவர் தீர்ப்புக்குப் பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை. பேச்சில் நடுவர்கூடக் கிடையாது, பெல்ட் ஆளுக்கு ஆள் வேறு உயரம். அதனால் இந்தத் தொடரைச் சொல்கிறவர் அதோடு நிறுத்தாமல் எந்த விஷயத்தை இழுத்தது தப்பு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது: "கணக்கைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேள் அண்ணே, வேலை போன கதையை இழுக்காதே, அது பிலோ த பெல்ட்."