பாடியைச் சேஸியில் உட்கார வைக்க: ரப்பரா, பாலியூரித்தேனா?

சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குச் சேஸி (அடிச்சட்டம்) தனி, பாடி (மேற்கூடு) தனி. பழைய ஜீப்பும் அப்படித்தான். பெயின்ட் முடித்துப் பாடியை மறுபடி ஏற்றும்போது பலரும் தடுமாறுவது இடையில் வைக்கும் புஷ் (அதிர்வு தாங்கும் மெத்தை போன்ற துண்டு) விஷயத்தில்.

விலை: ரப்பர் மலிவு. பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கடினமான செயற்கைப் பொருள்) கூடுதல்.

ஆயுள்: ரப்பரில் எண்ணெய் பட்டால் உப்பும், வெயிலில் நாளாக ஆக வெடிக்கும். பாலியூரித்தேன் இரண்டையும் நன்றாகத் தாங்கும்.

சுகம்: ரப்பர் அதிர்வை விழுங்கிவிடும். மற்றது கடினம், இன்ஜின் நடுக்கம் சீட் வரை வரும். சிலிகான் கிரீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடும்.

பொருத்துவது: இங்கேதான் நிஜமான வேலை. ரப்பர் போல்ட் இறுக்கத்தில் அமுங்கும். கதவு இடைவெளியும் கூடவே நகரும். அதனால் எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, கதவுகளை மாட்டி, இடைவெளி பார்த்து, தேவையான இடத்தில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, பிறகே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சில நாள் ஓடியபின் மறுபடி பாருங்கள். பாலியூரித்தேன் அவ்வளவு அமுங்காது, வைத்த அளவு நிற்கும். ஆனால் சேஸி கோணலாக இருந்தால் எந்தப் புஷ்ஷும் காப்பாற்றாது.

ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். ஓட்டம், பழைய காரின் அசல் தன்மை என்றால் ரப்பரே என் தேர்வு. மண்பாதையில் அடிபடும் ஜீப்புக்குப் பாலியூரித்தேன். எதுவானாலும் புதுசாக வாங்குங்கள். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கழற்றிய பழைய ரப்பர் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே கல்லாக இறுகியிருக்கும்.